திரை போட்ட முதல் பக்கம்

இரண்டாயிரம் பிறந்த புதிது. காஞ்சிபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். என் முதல் வெப்சைட். அப்போது எனக்கிருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமில்லை.

திறந்ததும் அரக்குச் சிவப்பில் ஒரு பட்டுத் திரை. மூலையில் சின்னதாக ஒரு மணி. மணியை அழுத்தினால் திரை விலகிக் கோபுரம் தெரியும். கோபுரத்தை அழுத்தினால் கடையின் வரலாறு. அதற்கப்புறம் கடையைத் தொடங்கிய பெரியவரின் மாலை போட்ட படம். இவ்வளவையும் தாண்டினால்தான் புடவை. எங்கள் ஊரில் வாசலிலேயே மூலவரை யாராவது வைப்பார்களா?

கடை முதலாளிக்குப் பரம திருப்தி. ஆனால் இரண்டு மாதமாகியும் ஒருவர்கூட எழுதிக் கேட்கவில்லை.

"ஆடி முடியறதுக்குள்ள ஒருத்தராவது கேக்கணும்மா. இல்லன்னா இத எடுத்துடலாம்" என்றார்.

அப்பா வீட்டில் பி.எட். விண்ணப்பத்தை வாங்கித் தயாராக வைத்திருந்தார். ஒரு மெயில் வராவிட்டால் நான் டீச்சர். எனக்கோ பத்துப் பிள்ளைகள் சேர்ந்து சத்தம் போட்டாலே தலைவலி வந்துவிடும்.

ஆடி முதல் வெள்ளிக்கு, பக்கத்திலிருக்கும் எங்கள் ஐயம்பேட்டையிலிருந்து கோயிலுக்கு வந்த அம்மா, என்னைப் பார்க்க சென்டருக்கு வந்தாள். பெருமையாக அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, வெப்சைட்டைத் திறந்து, "நீயே பாரும்மா" என்று சொல்லிவிட்டு, யாருக்கோ ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கப் போனேன். கால் மணி நேரம் கழித்து வந்தால், அம்மா நாற்காலியை விட்டு எழுந்து கைகூப்பி நின்றுகொண்டிருக்கிறாள்.

"இன்னாம்மா பண்ற?"

"திரை போட்டுக்கினு இருக்காங்களே. எப்போ எடுப்பாங்க?"

விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் கூச்சத்தோடு சிரித்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, அப்புறமா வந்து பாக்கறேன்" என்று கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. சன்னதியில் திரை போட்டிருந்தால் நாமாகப் போய் விலக்குவோமா? மணியைத்தான் தொடுவோமா? காத்திருப்போம், இல்லையென்றால் போய்விடுவோம். இரண்டு மாதமாக வந்தவர்களெல்லாம் போய்விட்டிருக்கிறார்கள்.

மறுநாளிலிருந்து நான்கு நாள் புடவைக் கடையில் விரித்திருந்த பாயில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். விற்பனையாளர் யாருக்கும் கடை வரலாறு சொல்லவில்லை. "யாருக்கும்மா? இன்னா விசேஷம்?" என்பார். பதில் முடிவதற்குள் மடியில் புடவை விரிந்திருக்கும். மருமகளுக்குச் சீமந்தப் புடவை, நாத்தனாருக்கு நிச்சயதார்த்தப் புடவை என்று வந்தவர்கள் கேட்ட வார்த்தைகளை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

திரையையும் கோபுரத்தையும் தூக்கினேன். பெரியவரைக் கடைசிப் பக்கத்துக்கு அனுப்பியதில் முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. முதல் பக்கத்திலேயே புடவைகளை விரித்து, கீழே அந்த வார்த்தைகளைத் தமிழிலும், தேடுபவர்கள் தட்டுகிற மாதிரி ஆங்கில எழுத்திலும் போட்டேன். வருகிறவர் தடுமாறாமல் செய்வதற்கு யூசபிலிட்டி, தேடுகிறவர் கண்ணில் பட வைப்பதற்கு சர்ச் மார்க்கெட்டிங் என்று பெயர் உண்டு என்பதே எனக்கு அப்போது தெரியாது.

ஆடி முடிய இரண்டு நாள் இருக்கையில் மெயில் வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்மணி, மகளின் சீமந்தத்துக்கு அரக்குப் புடவை கேட்டிருந்தார். முதலாளி அதைப் பிரிண்ட் எடுத்து மூலையில் குங்குமம் வைத்தார். நான் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

"திரைய எடுத்துட்டாங்களா?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா எடுத்தேன். வா, காட்டறேன்."

"நடவு இருக்குதும்மா. முடியட்டும், வரேன்."

நடவு முடிவதற்குள் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து இதுதான் என் பிழைப்பு. முன்பின் தெரியாதவர்களைத் திரைமுன் உட்காரவைத்து, எங்கே தயங்குகிறார்கள் என்று பின்னாலிருந்து பார்ப்பேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் லேப்டாப்பைக் கொண்டுபோய் அதிலேயே மூழ்கிக் கிடப்பேன். அம்மா காபியை வைத்துவிட்டு, தொந்தரவு செய்யாமல் போய்விடுவாள்.

ஒரு நிமிடம் அதை அவள் பக்கம் திருப்பியிருக்கலாம். நான் காட்டவும் இல்லை, அவள் மறுபடி கேட்கவும் இல்லை. இப்போது அவள் இல்லை. யார் யாருக்காகவோ அந்தத் திரையை எடுத்தேன். அதன்முன் கைகூப்பிக் காத்து நின்றவள் மட்டும் கடைசிவரை புடவையைப் பார்க்கவே இல்லை.