மேட்டுப் பக்கம் மட்டும் பார்த்த பச்சையக்கா

கதவைத் தட்டுவதற்கு முன் கட்டைவிரல் நகத்தால் அதை ஒருமுறை சுரண்டிப் பார்த்துவிடுகிறார். பேருந்து இருக்கை, அலுவலக மேசை, சம்பந்தி வீட்டு அலமாரி எதுவும் அந்த நகத்துக்குத் தப்பியதில்லை. "புதுசுங்க அது" என்று சம்பந்தியம்மாள் பதறியபோது, "செத்த மரந்தானேங்க, வலிக்காது" என்று சமாதானம் சொன்னவர்.

வனத்துறையில் அவருக்குப் பெயர் பச்சையக்கா. காட்டுத்தீ அடங்கியதும் முதல் ஆளாக மலையேறுவார். கையில் பேனாக்கத்தி, தோள்பையில் இரண்டு பெயிண்ட் டப்பா. கருகிய பட்டையை விரல்நுனி அளவுக்குச் சீவுவார். அடியில் ஈரப் பச்சை தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது, வெள்ளைப் பொட்டு. காய்ந்து பழுப்பாக இருந்தால் தண்டைச் சுற்றிச் சிவப்பு வளையம். மறுநாள் ரம்பம் வரும். கரிக்காட்டைப் பார்த்துக் கண்கலங்குகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "தோலு கருகினா உசிரு போயிடுமா? உள்ள துளிர்க்கண்ணு தூங்குது. வேர்கிட்ட இன்னும் நாலு தூங்குது. மழை வந்து எழுப்பும், பேசாம இருங்க" என்பார்.

முப்பது வருடமாக அந்த வாக்கு பொய்த்ததில்லை. ஆனால் யானைக்கும் அடி சறுக்குமே. போன கோடையில் அவருக்குச் சறுக்கியதற்குக் காரணம் முழங்கால் வலி. செங்குத்தான சரிவு. ஒவ்வொரு மரத்துக்கும் மேட்டுப் பக்கம் நின்று சீவுவது காலுக்குச் சுகமாக இருந்தது. நாற்பத்தொரு மரம் பார்த்தார், நாற்பத்தொன்றும் பழுப்பு. சிவப்பு டப்பாவைக் காலி செய்துவிட்டு, அன்று நேரே வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற கணவர் வாசல் சரிவைப் பெருக்கிக்கொண்டே வழக்கம்போல முணுமுணுத்தார். "எத்தன தடவ பெருக்கினாலும் இந்தப் பூந்தொட்டிக்கு மேல்பக்கமே வந்து சேருது சருகு. கீழ்ப்பக்கம் பாரு, துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

பச்சையக்கா குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்தார். சருகு எங்கே சேருமோ அங்கேதான் நெருப்பும் உட்கார்ந்து எரியும். மேட்டுப் பக்கம் வெந்துபோயிருக்கும். கீழ்ப்பக்கத்தை அவர் பார்க்கவே இல்லை.

"சார், நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று அதிகாரிக்குப் போன் செய்தார். "பேசறது பச்சையக்காதானா?" என்று கேட்டுவிட்டு, "பத்து மணி வரைக்கும் நிறுத்தி வைக்கச் சொல்றேன்" என்றார் அதிகாரி.

மரம் வெட்டும் மேஸ்திரி ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பச்சையக்கா உட்கார்ந்து, சறுக்கி, சேலையெல்லாம் கரியாகி, முதல் மரத்தின் கீழ்ப்பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கரியில் கத்தி இரண்டு முறை வழுக்கியது. சீவினார். பச்சை. நகம் பட்டதும் ஈரம் ஒட்டியது.

"மேஸ்திரி, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது என்று இப்போதும் சொல்கிறார். எல்லாவற்றையும் கீழ்ப்பக்கம் சீவிப் பார்த்ததில், நாற்பத்தொன்றில் மூன்றுதான் உண்மையில் போயிருந்தன.

"எங்க வேலைய கெடுத்துட்டீங்களே அக்கா" என்றார் மேஸ்திரி. சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மழைக்குப் பிறகு மாதம் ஒருமுறை அந்தச் சரிவுக்குப் போகிறார். தண்டின் கீழ்ப்பக்கம் முழுக்கக் கொத்துக் கொத்தாகத் துளிர். மேஸ்திரிதான் துணைக்கு வருகிறார். "அந்தச் சிவப்ப மட்டும் சீவி எடுத்துரட்டுமா?" என்று போன மாதம் கேட்டார்.

"வேணாம். மரம் பட்டதே போதும்."

முதல் மரத்தின் கீழ்ப்பக்கம் போய் நின்று, இளம் இலைகளை இரண்டு விரலால் விலக்கி, தான் போட்ட வளையத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இலைகளைப் பழையபடி அதன்மேல் இழுத்துவிட்டார்.