அண்ணாச்சிக்குச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு விளையாட்டு செய்து கொடுப்பதுதான் என் தொழில் என்று பாளையங்கோட்டையில் சொல்லிப் பாருங்கள், "அது சரி, சோத்துக்கு என்ன செய்யுதிய?" என்பார்கள். செய்கிற வேலையை விளக்கிச் சொல்லியே பாதி ஆயுசைத் தொலைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

சீட்டுக்கட்டு நோயாளி

முதலில் செய்தது சீட்டு விளையாட்டு. சீட்டில் ஒரு சர்க்கரை நோயாளி. அவருடைய சர்க்கரையை இறக்குகிற அணிக்கு வெற்றி. நேரம் வீணாகக் கூடாதே என்று, கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன். என்ன புத்திசாலித்தனம்! பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. மருந்துச் சீட்டை அள்ளிப் போட்டு ஜெயித்தார்கள். கேள்வியாகக் கேட்டுத் தள்ளிய காயல்பட்டினத்து பாத்திமாவின் அணி மட்டும் கடைசி.

அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்ப்பேன், தேறாவிட்டால் விளையாட்டு கிடையாது என்றார் வகுப்பில் உட்கார்ந்து பார்த்த பேராசிரியை மேடம். ஆறு மாச உழைப்பு! போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "எல்லாரும் ஜெயிச்சிட்டாங்க, சரி. நோயாளிட்ட யாரும்மா பேசுனா?"

நடிக்கத் தெரியாதவர்

சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு நிஜ ஆளைத் தேடினேன். எங்கள் தெருவில் குடியிருக்கிற உடன்குடி அண்ணாச்சிக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. எந்த மருந்துக்கும் இறங்காது. ஏன் என்று எனக்கே ஒரு குறுகுறுப்பு. பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும் என்றதும் சட்டையைத் தேய்க்கப் போட்டுவிட்டார். "எனக்கு நடிக்க வராது பிள்ள. உள்ளதத்தான் சொல்லுவேன், பொறவு என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

நாலு டம்ளர்

"இனிப்பு சாப்பிடுவியளா?" என்று கேட்டது முதல் அணி. "தொடவே மாட்டேன்." "சீனி?" "வீட்டுலயே கிடையாது." அப்புறம் என்ன, மருந்தைக் கூட்டினார்கள். அடுத்த அணியும் அதேதான். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக பாத்திமா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "காலைல எந்திச்சதும் என்ன குடிப்பிய அண்ணாச்சி?"

"கருப்பட்டிக் காப்பி."

"ஒரு நாளைக்கு எத்தன?"

"நாலு டம்ளர். ஊர்லேர்ந்து வருத சுத்தமான கருப்பட்டில்லா! அதப் போயி இனிப்புல சேக்கியளே?"

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. விளையாட்டு இனி வகுப்பில் இருக்கட்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, பையச் சொன்னார்: "நானும் இத்தன வருஷமா, 'இனிப்பு சாப்பிடுவியளா'ன்னு மட்டுந்தான் கேட்டுட்டு இருக்கேன்."

எல்லாம் சரி, சீனி ஆகாதவராயிற்றே என்று அல்வாவைத் தவிர்த்து, அண்ணாச்சிக்குக் கொடுக்க நான் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்திருக்கிற இரண்டு கிலோ கருப்பட்டியைத்தான் இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.