மேல் டிவிஷனிலிருந்து ஐந்து சுற்று

தாப்பாவிலிருந்து பழைய சாலை வழியாக ரிங்லெட்டுக்கு ஏறலாமா, மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்க முடியுமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அந்தச் சாலையில் நான் கவனமாகக் குறிப்பெடுத்துக்கொண்டு போனது ஒரே ஒரு முறைதான். அது எழுபதுகளின் நடுவில், ஒரு நவம்பர் மாதம். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஆகவே என் தகவல்கள் உங்களுக்கு எவ்வளவு உதவும் என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு.

அப்போது நான் சமவெளியில் அவசர அழைப்புகளை எடுக்கும் தொலைபேசிப் பணியில் இருந்தேன். ஓர் ஊரில் வெள்ளமோ மண்சரிவோ வந்தால், அவ்வூர் பணியாளர்கள் இரண்டு நாள் தூங்காமல் அமர்ந்திருப்பார்கள். அவர்களுடைய வீடும் அதே மழையில்தான் இருக்கும். அதனால் பக்கத்து ஊர்களிலிருந்து இரண்டு மூன்று பேர் போய் அவர்கள் நாற்காலியில் உட்காருவது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. வந்தவர் தொலைபேசி இணைப்புப் பலகையின் முன் அமர வேண்டும். உள்ளூர்க்காரர் பின்னால் நின்று இடப்பெயர்களைச் சொல்லுவார். அவர் சொல்லை வந்தவர் மீறக்கூடாது. மீறுகிற தைரியம் எனக்கு என்றுமே இருந்ததில்லை.

காலை 8.15க்குத் தாப்பாவில் பேருந்து. கட்டணம் இரண்டு வெள்ளி எண்பது காசு. முப்பது கிலோமீட்டர் போனதும் சாலையில் மண். என்னுடன் வந்த இருவரும் அங்கே சாலையோரத் தொலைபேசியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார்கள். நாற்பது நிமிடம் காத்திருந்து, தோட்டத்து லோரியில் ஏறினேன். ஓட்டியவர் மணியம். வழி முழுக்கப் பேசினார்.

"ஐயா பயப்படாதீங்க லா. இந்த ரோட்டுல நான் கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்."

"தயவுசெய்து திறந்தே ஓட்டுங்கள்" என்றேன். சிரித்தார். மூடுபனியில், கண்ணைத் திறந்தாலும் அவருக்குப் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. வளைவுகளில் தேயிலைச் செடிகளின் மேல்வரிசை மட்டும் தெரியும். அதற்குக் கீழே மலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது.

ரிங்லெட் வந்து சேர்ந்தது பகல் 1.20. தொலைபேசி அறை கடைவரிசைக்குப் பின்னால் ஒரே ஓர் அறை. அங்கே லெட்சுமி என்ற பெண் முப்பது மணி நேரமாகப் பலகையில் இருந்தாள். எழுந்து எனக்கு நாற்காலியை விட்டாள், ஆனால் வீட்டுக்குப் போகவில்லை.

அந்தக் காலத்துத் தோட்டத் தொலைபேசியைப் பற்றி இரண்டு வரி. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால், நம் பலகையில் அந்த எண்ணுக்கு மேலே ஒரு சிறு பித்தளை மூடி 'டக்'கென்று விழும். சுற்றுவதற்கு பேட்டரி தேவையில்லை, பேசத்தான் தேவை. பேட்டரி நனைந்துபோனால் மணி வரும், குரல் வராது. நாம் பேசுவது மட்டும் அந்தப் பக்கம் கேட்கும்.

2.10க்குப் பதினேழாம் எண்ணின் மூடி விழுந்தது.

"அத விட்ருங்கண்ணே" என்றாள் லெட்சுமி. "தோட்டத்து மேல் டிவிஷன் ஆபிஸ். காலையிலயே எல்லாரையும் லோரில ஏத்தி எறக்கிட்டாங்க. காத்துல கம்பி ஒரசுது லா."

கம்பிகள் உரசினாலும் மூடி விழும் என்பது உண்மை. தூக்கி நிறுத்தினேன். 2.18க்கு மீண்டும். 2.31. 2.40. ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். வெளியே மூடுபனி சுவர்போல நின்றது. எதிர்க்கடைக் கூரையின் கிழிந்த கித்தான் அசையவே இல்லை. காற்று எங்கே இருக்கிறது என்று கேட்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

இணைப்பைச் செருகினேன். ஒன்றும் கேட்கவில்லை. அறுந்த கம்பியின் மௌனம் எனக்குத் தெரியும். இது அது இல்லை. யாரோ நம் முகத்துக்கு வெகு அருகில் வந்து மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போல இருந்தது.

"யாராவது இருக்கிறீர்களா? நான் பேசுவது கேட்டால் ஒரு முறை சுற்றுங்கள்."

டக்.

லெட்சுமி தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"எத்தனை பேர்? ஆளுக்கு ஒரு சுற்று, நிறுத்தி நிறுத்திச் சுற்றுங்கள்."

விழ விழத் தூக்கி நிறுத்தினேன். ஐந்து முறை விழுந்தது. பிறகு எதுவும் இல்லை.

"கடைசி ஒன்னு ரிங்-ஆஃப் அண்ணே" என்றாள் அவள். "கிராணி எப்பவும் பேசி முடிச்சா ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போன வப்பாரு. நாலு பேருதான்."

அழைப்பு முடிந்தது என்று எங்களுக்குத் தெரிவிக்கக் கிராணிகள், அதாவது தோட்டத்து எழுத்தர்கள், சுற்றும் அந்தக் கடைசி மணி எல்லாத் தோட்டங்களிலும் வழக்கம். அவள் சொன்னதே சரியென்று பட்டது. 'நான்கு (அல்லது ஐந்து)' என்று எழுதினேன். மணியமும் ஆறு பேரும் மூன்று மணிக்கு லோரியில் மேலே போனார்கள்.

4.35க்குத் தோட்டத்துத் தொழிற்சாலைத் தொலைபேசியிலிருந்து மணியம் கூப்பிட்டார். "ஐயா, நாலு பேரும் கெடச்சிட்டாங்க! ஆயாக் கொட்டகைல இருந்தாங்க. டீ குடிக்கிறாங்க. மழ ஏறுது, ரோடு சூசா லா, ரொம்பக் கஷ்டம். நாங்க கீழ எறங்குறோம்."

லெட்சுமி முதல்முறையாகச் சிரித்தாள். நான் படிவத்தை முடிக்கப் போனேன். நேரம், இடம், எண்ணிக்கை எல்லாம் நிரம்பியிருந்தன. 'அழைத்தவர்' என்ற கட்டம் மட்டும் காலி. அது காலியாக இருக்கும்வரை அழைப்பை முடிக்கக்கூடாது என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள்.

"மணியம், போனைச் சுற்றியது யார் என்று கேட்டுச் சொல்லுங்கள்."

"இப்ப அதுவா முக்கியம்?"

"என் படிவத்தில் அந்த இடம் காலியாக இருக்கிறது."

"கேட்டுக்கோங்கடா, ஐயாவுக்குப் பாரம் நெரப்பணுமாம்!" பின்னால் பலர் சிரித்தார்கள். காது எரிந்தது. வைத்துவிடலாமா என்று தோன்றியது. வைக்கவில்லை.

திரும்பி வந்தபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. "ஐயா, யாரும் சுத்தலையாம். ஆபிஸ் பக்கமே போகலையாம். நடுவுல மண்ணு நிக்குது."

மணியமும் ஆட்களும் அலுவலகத்தைத் தேடி மறுபடி மேலே போனார்கள். நான் பதினேழாம் எண்ணில் கூப்பிட்டேன். பதில் இல்லை. மீண்டும் மீண்டும் கூப்பிட்டேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை; ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

5.20க்கு அவளைக் கண்டுபிடித்தார்கள். கொழுந்து பறிக்கும் பாக்கியம். மறந்துபோன கூடையை எடுக்க அலுவலகத்துக்குள் போனவளின் காலில் உத்திரம் விழுந்திருக்கிறது; கைக்கு எட்டியது தொலைபேசி மட்டும். லோரியில் ஏறாமல் தங்கிவிட்ட நால்வர் அவள் லோரியில் போய்விட்டாள் என்று நினைத்தார்கள். லோரியில் போனவர்கள் அவள் நால்வரோடு இருக்கிறாள் என்று நினைத்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஆயாக் கொட்டகைக்குள் நால்வர் போனதை அவள் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள்.

5.50க்கு ஐவரும் தொழிற்சாலைக்கு வந்துவிட்டார்கள். 'அழைத்தவர்: பாக்கியம்' என்று எழுதிப் படிவத்தை மூடினேன்.

6.05. மணியம் இணைப்பில் பேசிக்கொண்டிருந்தார். "இப்பதான் பெரிய சத்தம் ஐயா. அந்த ஆபிஸே மண்ணோட போயிருச்சு. அஞ்சு நிமிசம் ஆகல."

பதினேழாம் எண்ணின் மூடி ஒரு முறை விழுந்தது.

"மேலே யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

"ஈ காக்கா இல்ல."

நான் லெட்சுமியைப் பார்த்தேன். "காற்றுதான், இல்லையா?" என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "ரிங்-ஆஃப்" என்றாள்.

மறுநாள் தானா ராத்தா மருத்துவமனையில் பாக்கியத்தைப் பார்த்தேன். பேசி முடித்தால் ஒரு சுற்று சுற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அப்படி ஒன்னு இருக்கா சார்? நான் போனத் தொட்டதே நேத்துதான்" என்றாள்.

இனி, போகிறவர்களுக்கு. காலை எட்டு மணிக்குள் தாப்பாவை விட்டுக் கிளம்புங்கள். பகல் இரண்டுக்கு மேல் பனி இறங்கும். இப்போதைய கட்டணம் எனக்குத் தெரியாது. குழுவாகப் போனால், வண்டி கிளம்புமுன் ஆட்களை நீங்களே எண்ணுங்கள். பக்கத்து வண்டியில் இருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். யாராவது அதிகப்படியாக ஒரு கேள்வி கேட்டால் சிரியுங்கள், ஆனால் பதில் சொல்லுங்கள்.

அந்த 6.05 அழைப்புக்கும் முறைப்படி ஒரு படிவம் எழுதினேன். நேரம், எண், மணி ஒன்று. அழைத்தவர் கட்டத்தில் 'காற்று' என்று எழுதப் பேனாவை வைத்து, எடுத்துவிட்டேன். என் பணிக்காலத்தில் நான் முடிக்காமல் விட்டது அந்த ஓர் அழைப்பைத்தான்.