கயிறு பதிந்த பானை

மகளோடு போய் இருக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. பர்மிங்ஹாமில் மகள் எங்களுக்கென்று கீழ் அறையை ஒழுங்குபண்ணிவிட்டாள். லண்டன் ஹரோவில் நாங்கள் இருக்கும் வீட்டை விற்பதுதான் பாக்கி. என் முழங்காலுக்கு மாடிப்படி ஒத்துவராமல் போய்விட்டது. இவளோ, "இப்ப என்ன அவசரம்?" என்பதற்கு மேல் ஒரு காரணமும் சொல்லமாட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தோடுதான் ஒரு சனிக்கிழமை மியூசியத்துக்குப் போனோம். எனக்கு மியூசியம் என்றால் கால் ஆறி இருக்க ஒரு வாங்குப் பலகை கிடைக்கும் இடம். இவள் ஒரு விளக்க அட்டையையும் விடாமல் வாசிப்பாள். ஜப்பான் பகுதியில் ஒரு பானைக்கு முன்னால் நின்றவள் நகரவேயில்லை.

எதிரே வாங்கில் இருந்து பார்த்த எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கோணல் வாய். ஈரமண்ணில் முறுக்குக் கயிற்றை உருட்டிப் பதித்த தடங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், காடும் கடலும் பருவத்துக்குப் பருவம் கொடுத்ததை வைத்து வாழ்ந்த மக்கள் செய்தது. காட்டுக் கொட்டைகளை ஊறவைத்துக் கசப்பெடுத்து, இப்படியான பானைகளில் அவித்துச் சாப்பிட்டார்களாம்; இவள் வாசித்துச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, உள்ளுக்கை அடிப்பிடிச்சிருக்கு," என்றாள்.

"அண்டைக்கும் ஆரோ கதையிலை அடுப்பை மறந்திருப்பினம்," என்றேன். அவள் அட்டையின் கடைசி வரிகளில் விரலை வைத்தபடி நின்றாள். எழும்பிப் போய் அட்டையைப் பார்த்தேன். இறந்த பச்சைக் குழந்தைகளையும் அவர்கள் சிலவேளை இத்தகைய பானைகளில் வைத்து, வீட்டு வாசலடியில் புதைத்தார்கள் என்றிருந்தது. தாய் தினமும் அதைக் கடந்து போகவேண்டும் என்பதற்காக இருக்கலாம், உறுதியாகத் தெரியாது என்றும் எழுதியிருந்தது.

"நாங்கள் போனால் பிள்ளை தனிச்சுப் போகும்," என்றாள்.

எந்தப் பிள்ளை என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, அதற்குள் விளங்கிவிட்டது.

மகளுக்கு முன்னால் எங்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, சில நாட்களிலேயே இறந்துபோனான். எங்கள் வழக்கத்தில் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்போம். எட்டாம் நாள் சடங்கும் இல்லை, ஆண்டுத் திவசமும் இல்லை. ஆட்கள் வந்திருந்து அழுது, சாப்பிட்டு, போனவரைப் பற்றிக் கதைக்கும் நாள் என்று ஒன்றுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. ஹரோவில் கவுன்சில் மயானத்தில் வைத்துவிட்டு வந்தோம். இனி அதைக் கதைக்கவேண்டாம் என்றார்கள் பெரியவர்கள். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. இவள் காலையில் நடக்கப் போவது அந்த மயானப் பக்கம் என்பது எனக்குத் தெரியும். அங்கே போக்குவரத்து குறைவு, அதனால்தான் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பழைய மனிதர்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. தாங்கள் சமைக்கிற மாதிரிப் பானையையே பிள்ளைக்கும் கொடுத்து, காலடியிலேயே வைத்துக்கொண்டார்கள். கதைக்காதே என்று அவர்களை ஒருவரும் தடுத்திருக்கமாட்டார்கள்.

ரயிலில் வீடு திரும்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பின்னேரம் மகள் போன் எடுத்தாள். "ஏஜெண்டோடை கதைச்சனீங்களோ, அப்பா?"

"வீட்டை நாங்கள் விக்கப் போறேல்லை, பிள்ளை."

"ஏனப்பா? என்ன நடந்தது?"

போனை மனைவியிடம் நீட்டினேன். அவள் ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.

"உனக்கு ஒரு அண்ணை இருக்கிறான், பிள்ளை," என்றாள். "இஞ்சைதான், பக்கத்திலை."