தலையில் இல்லை, கையில்

குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மருந்துக் கடைக்காரருக்கு ஒரு பழக்கம். எந்த மருந்தைக் கொடுத்தாலும், அது வேலை செய்கிற இடத்தைத் தன் உடம்பில் தொட்டுக் காட்டுவார். இருமல் டானிக் என்றால் தொண்டை, பேதி மாத்திரை என்றால் வயிறு. ஒல்லியான மனிதர்; எல்லார் நோயும் அந்த உடம்பில்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வாந்திபேதியில் துவண்டுபோன என் ஆறு வயது மகளை அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நர்ஸ் தந்த சீட்டில் 'ஸ்கால்ப் வெயின்' என்றிருந்தது. பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன் நான். ஸ்கால்ப் என்றால் மண்டைத்தோல்; ஸ்கால்பெல் என்றால் அறுவைக் கத்தி. இரண்டையும் நானே முடிச்சுப் போட்டுக்கொண்டு, கடைக்காரரிடம் சீட்டை நீட்டி, "தலையைக் கிழிக்கப் போறாங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இன்னா சார் நீங்க! இது குளுக்கோஸ் ஏத்துற ஊசி. கைக்கொழந்தைங்களுக்குத் தலை நரம்புல குத்துவாங்க, அதான் அந்தப் பேரு. உங்க பொண்ணுக்குக் கையிலதான்" என்று தன் புறங்கையைத் தொட்டார்.

ஊசியோடு படியிறங்கித் திரும்பிப் பார்த்தேன். மருந்து எதுவும் கொடுக்காமலே, என்னைப் பார்த்துத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.