ஐந்தாவது பெயர்

மதிப்பிற்குரிய வாசகர்களுக்கு என் பணிவான வணக்கம். தேர்வுத்தாளைத் தவிர வேறெதையும் நான் இத்தனை பக்கம் எழுதியதில்லை. பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன். ஆனால் இதில் கற்பனை ஒரு சொல்லும் இல்லை. என்னுடன் மூவர் இருந்தார்கள். அவர்களுள் ஒருத்தி இன்றுவரை இதைப் பற்றிப் பேச மறுக்கிறாள். அதையும் ஒரு சாட்சியாகவே கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் நால்வரும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். வகுப்புப் பிரதிநிதியாக இருப்பவளைத் தலைவி என்போம். ஒல்லியானவள் குண்டூசி. நின்றுகொண்டே உறங்கக்கூடியவள் கும்பகர்ணி. எனக்கு அவர்கள் சூட்டிய பெயர் தொடைநடுங்கி. காரணத்தை விளக்கத் தேவையிராது என நம்புகிறேன்.

இறுதித் தேர்வுக்கு முன் எங்கேனும் இரண்டு நாள் சென்று வரவேண்டும் என்று தலைவி பிடிவாதம் பிடித்தாள். நால்வரும் சேர்த்த பணமோ யானைப் பசிக்குச் சோளப்பொரி. கடற்கரை விடுதியின் வாடகையைக் கேட்டதும் எங்களுக்குக் கடலே பிடிக்காமல் போயிற்று.

"எல்லாரும் போற இடத்துக்குத்தான்டி காசு அதிகம். யாருமே போகாத இடமாப் பாரு" என்றாள் தலைவி.

குண்டூசி மூன்று நாள் கைபேசியைக் குடைந்து அப்படியோர் இடத்தைக் கண்டுபிடித்தாள். ஓர் அணையின் நீர்த்தேக்கம். அதன் நடுவே சிறு தீவு. தீவில், அணை கட்டிய காலத்தில் பொறியாளர்கள் தங்கிய பழைய விடுதி. மழைக்காலத்தில் யாரும் வராததால் வாடகை மிகக் குறைவு. மாணவர்களுக்கு அதிலும் பாதி. ஆனால் ஐவருக்குக் குறைந்தால் படகே கிடையாது.

நாங்களோ நால்வர்.

"அஞ்சாவதா ஏதாவது ஒரு பேரை எழுதிடு. அங்க கூப்பிட்டா பதில் சொல்லத்தான் நம்ம ப்ராக்ஸி ராணி இருக்காளே" என்று தலைவி என் தோளைத் தட்டினாள்.

வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். வகுப்புக்கு வராத தோழிக்காக, வருகைப் பதிவின்போது குரலை மாற்றிப் பதில் சொல்வதையே நாங்கள் ப்ராக்ஸி என்போம். கோழையான எனக்கு இருந்த ஒரே துணிச்சல் அதுதான். ஊருக்கெல்லாம் ப்ராக்ஸி கொடுத்த எனக்குத்தான் வருகை குறைந்திருந்தது. மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்திருந்தேன். திங்கட்கிழமை காலை வகுப்பெடுக்கும் பேராசிரியர் ஒவ்வொருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி, முகத்தைப் பார்த்தே பதிவு செய்வார். அவரிடம் ப்ராக்ஸி செல்லாது. இன்னும் ஒரு திங்கட்கிழமை தவறினால் நான் தேர்வெழுத முடியாது. ஓர் ஆண்டு வீணாகும்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீ ரூம்ல இருப்ப. போதுமா?" என்று தலைவி சத்தியம் செய்தாள்.

கையெழுத்து நன்றாயிருக்கும் என்று படிவத்தை என்னிடமே கொடுத்தார்கள். ஐந்தாவது வரியில் பேனா தானாகவே ஒரு பெயரை எழுதிற்று. அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது. அதை இங்கே எழுத எனக்குத் துணிவில்லை. அன்புகூர்ந்து மன்னிக்கவும்.

சனிக்கிழமை, பிற்பகல் 3.20. தூறல். படகோட்டி விரலை நீட்டி எங்களை எண்ணினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு. சரி, ஆடாம உக்காருங்கம்மா."

படகு நகர்ந்ததும் கும்பகர்ணி என் காதில் சொன்னாள். "அண்ணனுக்குக் கணக்கு நம்மளவிட மோசம்டி."

சிரித்தோம். நானும் சிரித்தேன்.

விடுதியைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்குக் கண்ணில் புரை. நீளமான ஒரே கூடத்தில் ஐந்து கட்டில்களில் படுக்கை விரித்து வைத்திருந்தார். அங்கே ஒரு விதி உண்டு. மாலை 6.30க்கு அணையில் சங்கு ஊதும். அதன் பிறகு தண்ணீரருகே யாரும் போகக்கூடாது. 6.40க்கு அக்கா பதிவேட்டுடன் வாசலில் நின்று பெயர்களைப் படிப்பார். ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும்.

அன்று என் பெயருக்கு என் குரலில் சொன்னேன். ஐந்தாவது பெயருக்குச் சளி பிடித்த குரலில் சொன்னேன். அக்கா குறித்துக்கொண்டு போனார். குண்டூசி சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஐந்தாவது கட்டிலின் போர்வை கலைந்து கிடந்தது. தொட்டேன். ஈரம்.

"ராத்திரி அங்க போய்ப் படுத்தியாடி?" என்று கும்பகர்ணியைக் கேட்டேன்.

"படுத்தா நான் எந்திரிக்கவே மாட்டேன். இதுல இடம் வேற மாறுவேனா? கூரை ஒழுகுதோ என்னவோ."

அண்ணாந்து பார்த்தேன். கூரையில் ஈரத் தடமே இல்லை.

தேநீர்க் குவளைகளை எடுக்க அக்கா வந்தார். ஐந்து குவளைகளும் காலியாக இருந்தன. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மாலை 4 மணிக்கு வரவேண்டிய படகு வரவில்லை. மேலே மலையில் பெருமழை, மதகுகளைத் திறந்துவிட்டார்கள், நாளைப் பகல் பதினொரு மணிக்குத்தான் படகு என்றார் அக்கா.

என் வகுப்பு காலை 9.30க்கு.

நான் அழுதேன். தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார் கால்ல நானே விழறேன்டி. அழாத" என்றாள். அப்பாவிடம் என்ன சொல்வேன் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைவே இல்லை. ஒரே ஒரு ஆள்... அந்த ஒரு மணி நேரம் மட்டும்... எனக்குப் பதிலாக அங்கே இருந்தால் போதுமே என்று மனதுக்குள் திரும்பத் திரும்ப வேண்டினேன். அப்படி வேண்டியிருக்கக் கூடாது.

6.12. மின்சாரம் போயிற்று.

6.30. சங்கு ஊதிற்று. நின்றது.

அதன் பிறகுதான் அந்த ஓசை கேட்டது. சொட்... சொட்... வெளியே அல்ல. கூடத்துக்குள்.

6.40. வாசலில் அக்காவின் டார்ச் வெளிச்சம். அது பதிவேட்டின் மேல் மட்டுமே விழுந்தது.

தலைவியின் பெயர். "இருக்கேன்."

குண்டூசியின் பெயர். "இருக்கேன்."

கும்பகர்ணியின் பெயர். "இருக்கேன்."

என் பெயர்.

நான் வாயைத் திறந்தேன்.

"இருக்கேன்."

நான் சொல்லவில்லை.

என் குரல்தான். அழுதழுது கம்மிய, அந்த நேரத்து என் குரல். ஐந்தாவது கட்டிலிலிருந்து வந்தது.

மற்றவர்களுக்குத் தெரியவில்லை. நான்தான் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அக்கா ஐந்தாவது பெயரைப் படித்தார்.

மறுபடி படித்தார். தலைவி இருட்டில் என் தொடையைக் கிள்ளினாள். "சொல்லித் தொலைடி..."

நான் சும்மா இருந்திருக்கலாம். பொய் வெளிப்பட்டிருக்கும், திட்டு வாங்கியிருப்போம், அவ்வளவுதான். ஆனால் பழக்கம்...

"இருக்கேன்" என்றேன். அந்தப் பெயருக்கு.

பேனா கீறும் ஒலி. "எல்லாரும் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா போனார்.

சொட்டும் ஓசை நின்றது.

நடந்ததைச் சொன்னேன். குண்டூசி கைபேசி விளக்கை ஐந்தாவது கட்டிலின் மேல் அடித்தாள். யாரும் இல்லை. தலையணையின் நடுவே மட்டும் ஒரு குழி. குழியில் தண்ணீர்.

விடியும்வரை நால்வரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். கும்பகர்ணி கூட உறங்கவில்லை.

திங்கட்கிழமை, பகல் 11.05. படகோட்டி எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு. வர்றப்ப அஞ்சு பேரு இல்ல?"

வழியனுப்ப வந்திருந்த அக்கா பதில் சொன்னார். "ஒரு பொண்ணு விடியக்காலையிலயே கிளம்பிடுச்சே. க்ளாசுக்கு நேரமாச்சுன்னு சொல்லுச்சு. வெளிக்கதவைத் திறந்துவிட்டதே நான்தான்."

"எதுல போச்சு? படகு என்கிட்டல்ல இருக்கு?"

அக்கா நீரைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை 9.10க்குப் பேராசிரியரின் அறை வாசலில் நின்றேன். திங்கட்கிழமை வர இயலாததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா விளையாடுறியா? நேத்து முதல் பெஞ்சுல நீதானே உக்காந்திருந்த?"

வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். எங்கள் அறையில் மூவருக்கு வரவில்லை என்ற குறி. எனக்கு வந்ததாகக் குறி.

"தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சு. மழை கூட இல்லையே, எங்கம்மா நனைஞ்சன்னு கேட்டேன். பதிலே சொல்லல. எல்லாரும் பிரசன்ட் சார்னு சொல்றாங்க, நீ மட்டும் 'இருக்கேன்'ங்கற. என்ன பழக்கம் அது?"

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "மன்னிச்சிடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். தேர்வெழுதத் தகுதியுள்ளோர் பட்டியல் வெள்ளிக்கிழமை ஒட்டப்பட்டது. அதில் என் பெயர் இருந்தது. நான் வேண்டியது கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து நான் யாருக்கும் ப்ராக்ஸி கொடுப்பதில்லை. வருகைப் பதிவின்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன். என் பெயரின் கடைசி எழுத்து முடியும் முன்பே பதில் சொல்லிவிடுவேன். தோழிகள் கேலி செய்வதில்லை. அவர்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நேற்று, முகம் பார்க்காமல் பதிவு செய்யும் வேறொரு பேராசிரியரின் வகுப்பில், என் பெயரைப் படிக்கும்போது எனக்குத் தும்மல் வந்துவிட்டது. நான் பதில் சொல்லவில்லை.

பேராசிரியர் தலையை நிமிர்த்தவில்லை. வந்ததாகக் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார்.