காளியாயி அத்தையின் மூன்றாவது பல்

டயகமத் தேயிலைத் தோட்டத்தில் பல்லைப் பழி வாங்கியவர் என்று ஒருவரைச் சொல்வதானால், அது என் அப்பாவின் அக்கா காளியாயி அத்தைதான். இடது பக்கக் கடைவாயில் இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கிவிட்டார். சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை. வலிக்கிறது என்றார், பிடுங்கச் சொன்னார். டவுனில் பல் பிடுங்குகிற மனிதரும் "நல்ல பல்லும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்துவிட்டு இடுக்கியைக் கையில் எடுத்துவிட்டார். முதல் பல் போயும் வலி நின்ற பாடில்லை. "பக்கத்துப் பல்லுதான் கள்ளன், ஆள மாத்திப் புடிச்சிட்டோம்" என்று இரண்டாவதையும் பிடுங்கினார். வலி அப்படியே இருந்தது.

உண்மையில் வலி பல்லிலேயே இல்லை. காதுக்கு முன்னால், கன்னம் தொடங்கும் இடத்தில் இருந்தது. கொட்டாவி விட்டால் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டில் அடுத்த காம்பராவுக்கே, அதாவது அடுத்த அறைக்கே கேட்கும். காலையில் ரொட்டியைக் கடிக்க வாயைத் திறந்தால் பாதியில் நின்றுவிடும். காதில் பூண்டு எண்ணெய் ஊற்றினார். நெற்றியில் பற்றுப் போட்டார். கடைசியில், வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது பல்லையும் எடுப்பதாக லயம் முழுக்க அறிவித்துவிட்டார்.

"அத்தை, இருக்கிறத எல்லாம் புடுங்கிட்டு எதால சாப்புடப் போறீங்க?"

"நீ படிச்சது பூகோளம் மருமகனே. மலை, ஆறு, மழ எங்க பெய்யுதுன்னு சொல்லு, கேட்டுக்கிறேன். பல்லப் பத்தி நீ பேசாத."

எங்கள் லயத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். பட்டமளிப்புப் படத்தைக் கண்ணாடி போட்டுத் தன் வீட்டுச் சுவரில் மாட்டியவரும் இதே அத்தைதான். அதன் கீழே உட்கார்ந்துகொண்டுதான் இந்தப் பேச்சு.

கெஞ்சிக் கூத்தாடிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பல் பகுதியில் இருந்தவர் இளம் சிங்கள டாக்டரம்மா. இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்து, "அம்மா, வாய் தொறங்க, மூடுங்க" என்றார். 'டக்.' டாக்டரம்மா தலையை ஆட்டினார். மிச்சத்தைச் சிங்களத்தில் அவர் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். கீழ்த்தாடை மண்டையோடு சேரும் இடத்தில் கதவுக் கீல் மாதிரி ஒரு மூட்டு இருக்கிறது. அதுவும், மெல்லுகிற தசையும் ஓய்வே இல்லாமல் இறுகிக் கிடக்கின்றன. பல் மேல் குற்றம் இல்லை.

"நகம் கடிப்பாங்களா? தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிப்பாங்களா? வேற எதையாவது கடிச்சிக்கிட்டு இருப்பாங்களா?"

டாக்டரம்மா கேட்டதை அத்தையிடம் கேட்டேன். "நான் என்ன எலியா, கண்டதையும் கடிக்கிறதுக்கு?" என்றார் அத்தை.

சில நாளைக்கு வலி மாத்திரை. வெதுவெதுப்பான துணி ஒத்தடம். மெதுவான சாப்பாடு. வெற்றிலை வேண்டாம். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. பெரும்பாலும் இதிலேயே குணமாகும், வாய் அப்படியே பூட்டிக்கொண்டால் உடனே வரவேண்டும். இவ்வளவுதான்.

பஸ்ஸில் ஏறியதும் அத்தை ஆரம்பித்தார். "ஒரு ஊசி உண்டா? சுடுதண்ணித் துணி வைக்கிறதுக்கு இம்புட்டுத் தூரம் வரணுமா?"

ஆனாலும் வெற்றிலையை விட்டார். ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறவைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றார். ஒத்தடமும் நடந்தது. ஞாயிறு கழிந்து அடுத்த ஞாயிறும் நெருங்கியது. வலி குறையவில்லை. "பாத்தியா? பல்லுதான்!" என்றார், ஏதோ பரீட்சையில் பாஸானவர் மாதிரி. பிடுங்கக் கிளம்புவது உறுதியாகிவிட்டது.

சனிக்கிழமை காற்றும் மழையும். கடைசியாக ஒருமுறை சண்டை போட்டுப் பார்க்கலாம் என்று அவர் கொழுந்து பறிக்கும் மலைக்கே ஏறினேன். தலையில் கொங்காணி, அதுதான் மழைக்குப் போர்த்துகிற றப்பர் சீட்டு. அதன்மேல் கூடைக் கயிறு. காற்று கொங்காணியைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அத்தை அதன் இரண்டு ஓரத்தையும் இழுத்து வாயில் கவ்வி, பல்லை இறுக்கிக்கொண்டு பறிக்கிறார். தாடைத் தசை கன்னத்தில் நெல்லிக்காய் மாதிரி புடைத்து நிற்கிறது.

"அத்தை! வாயில என்ன?"

"ண்ணுல்ல."

"கடிக்கிறதே இல்லைன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களே!"

கவ்வியதை விட்டார். "இது கடிக்கிறதா? கொங்காணியப் புடிச்சிக்கிறது! கை ரெண்டும் கொழுந்துல இருக்கு. வேற எதால புடிக்கிறது, ஒன் சட்டிபிக்கட்டாலயா?"

வரிசையைப் பார்த்தேன். வீரம்மா, மீனம்மா, எல்லார் வாயிலும் கொங்காணி. மழை நாளில் மலையில் பேச்சே கேட்காததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மழை பெய்கிற காலமெல்லாம், காலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் வரை, இந்தத் தாடைக்கு ஓய்வே கிடையாது. இதற்கு ஊறவைத்த ரொட்டி என்ன செய்யும்?

அன்று மாலையே அக்கரப்பத்தனையில் அன்ஸார் நானா கடைக்குப் போய்ப் பெரிய பட்டனும் இலாஸ்டிக்கும் வாங்கினேன். "பட்டதாரி மாப்பிள தையல் பழகுறாரோ?" என்றார் நானா. பழகினேன். விரலில் குத்திக்கொண்டு, கொங்காணியின் ஓரங்களைத் தாடைக்குக் கீழே மாட்டுகிற மாதிரி தைத்துக் கொடுத்தேன்.

"மாட்டுக்குக் கட்டுற மாதிரி இருக்கு" என்றார் அத்தை.

"இதப் போட்டுக்கிட்டு ஒரு மாசம் மலைக்குப் போங்க. அப்பவும் வலிச்சா நானே கூட்டிட்டுப் போய்ப் பல்லைப் புடுங்கி விடுறேன்."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் அவர் இல்லாமல் போனது. ஒத்தடம் தொடர்ந்தது. மெல்ல மெல்ல வாய் திறந்தது. 'டக்' எப்போதாவது கேட்டது, வலி போய்விட்டது. டாக்டரம்மாவுக்கு நன்றி இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் காதுவலி, தலைவலி என்று யார் வந்தாலும், "மருமகன்கிட்ட போங்க, பட்டன் தச்சுத் தருவாரு" என்று அனுப்பிவிடுகிறார். ஊரில் எனக்கு இப்போது அதுதான் உத்தியோகம்.

போன வாரம் அத்தை ஊறவைக்காத ரொட்டியைக் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலோடு கடித்துத் தின்றார், வலது பக்கத்தால். "நல்லாத்தான் இருக்கு. அந்தப் பக்கத்து ரெண்டு பல்லும் இருந்திருந்தா இன்னும் நல்லா கடிச்சிருக்கலாம்" என்றார்.

சொல்லிவிட்டு, அவற்றைப் பிடுங்கியதே நான்தான் என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தார்.